மறுபடி மினிகாப் அனுமதிப்பத்திரம்: செரு பரீட்சைக்கு எப்படித் தயாராவது?

கேள்வி: இரவுச்சாரதி, வெம்பிளி

அனைவருக்கும் வணக்கம். லண்டனில் பல ஆண்டுகள் மினிகாப் (முன்பதிவில் மட்டும் ஓடும் வாடகைக் கார்) ஓட்டிய நான், 2020இல் கொரோனா முடக்கத்தால் ஓட்டமே இல்லாமற்போன காலத்தில் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டு ஒரு களஞ்சியசாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். இனிப் பாரம் தூக்கக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டதால், பழைய தொழிலுக்கே திரும்பலாம் என்று முடிவெடுத்திருக்கிறேன்.

விசாரித்துப் பார்த்தால், நான் முதன்முதலில் பட்ஜ் (சாரதி அனுமதி அட்டை) எடுத்த காலத்து நடைமுறைக்கும் இன்றைய நடைமுறைக்கும் பெரிய இடைவெளி இருப்பது தெரிகிறது. அன்று மருத்துவச் சான்றிதழும், பொலிஸ் பதிவுச் சோதனையும், வரைபடத்தைப் பார்த்து வழி கண்டுபிடிக்கும் டொப்போகிரபிக்கல் பரீட்சையும் இருந்தால் போதும். இப்போது ஆங்கிலத் தகுதியைக் காட்ட வேண்டும் என்றும், அதற்கு மேலாகச் செரு (SERU) என்ற கணினிப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும் என்றும் சொல்கிறார்கள். பழைய டொப்போகிரபிக்கல் சித்தி இன்னும் செல்லுபடியாகுமா என்பதை, அனுமதிப்பத்திரம் வழங்கும் லண்டன் போக்குவரத்து அமைப்பான டி.எஃப்.எல். அலுவலகத்திடமே எழுத்தில் கேட்டிருக்கிறேன். அதைப்பற்றி இங்கே கேட்கவில்லை.

எனக்கு வயது 54. யாழ்ப்பாணத்தில் சாதாரண தரம் வரை படித்தேன். பயணிகளோடு ஆங்கிலத்தில் பேசிப் பழகுவதில் எனக்குச் சிரமம் இருந்ததில்லை. ஆனால் பக்கம் பக்கமாக ஆங்கிலம் வாசிப்பது வேறு விடயம். செருவில் உண்மையில் எதைச் சோதிக்கிறார்கள்? கேள்வி பதில்களைத் தொகுத்துப் பணத்துக்கு விற்கிறார்களே, அவற்றை வாங்கி மனப்பாடம் செய்தால் போதுமா? லண்டனை விட்டுவிட்டு வுல்வர்ஹாம்ப்டன் என்ற வேறு நகரில் அனுமதிப்பத்திரம் எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை என்று ஒரு நண்பர் சொல்கிறார், அது சரிதானா? அனுபவம் உள்ளவர்கள் சற்று விரிவாகவே எழுதினால் பேருதவியாக இருக்கும்.


மறுமொழி: ஈஸ்ட்ஹாம் சாரதி

வணக்கம் அண்ணா. உங்கள் முதற் கேள்விக்கு மட்டும் என்னால் முடிந்தவரை முழுமையாகப் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் அது விளங்கிவிட்டால் மற்றவற்றுக்கு விடை தானாகக் கிடைத்துவிடும்.

ஆங்கிலத் தகுதி என்ற நிபந்தனை 2016ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளோடு வந்தது. ஐரோப்பிய மொழித்தர அளவுகோலில் பி1 என்ற நடுத்தர நிலையை ஒவ்வொரு சாரதியும் எட்டியிருக்க வேண்டும் என்பதே அது. ஊபர் நிறுவனம் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. எழுத்தும் வாசிப்பும் உட்பட அந்த நிபந்தனை செல்லும் என்று 2017 மார்ச்சில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பிறகும் கடைசித் திகதி பலமுறை தள்ளிவைக்கப்பட்டு, 2021 ஒக்டோபர் 1ஆம் திகதி முதல் இன்றைய ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. பேசுவதையும் கேட்டு விளங்குவதையும் சோதிக்க ஒரு பரீட்சை. பாதுகாப்பு, சமத்துவம், தொழிற்சட்டம் ஆகியவற்றை விளங்கியிருக்கிறீர்களா என்று பார்க்க மற்றொன்று. இந்த இரண்டாவதுதான் செரு. ஆங்கிலத்தில் வாசிக்கவும் எழுதவும் இயலுமா என்பதையும் இதற்குள்ளேயே பார்த்துவிடுகிறார்கள். பி1 சான்றிதழை முன்பே கொடுத்து ஏற்கப்பட்டவர்களும் செருவை எழுதித்தான் ஆகவேண்டும்.

செருவின் கேள்விகள் எல்லாம் டி.எஃப்.எல். வெளியிட்டுள்ள மினிகாப் சாரதிக் கைநூலிலிருந்தே வருகின்றன. அதை அவர்களுடைய இணையத்தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பத்துப் பகுதிகள் கொண்ட அந்நூலில், அனுமதிப்பத்திர விதிகளும் வாகன விதிகளும் முதலில் வரும். பயணங்களை நடத்தும் முறை, சாரதியின் சொந்தப் பாதுகாப்பு, நடத்தை, லண்டன் வீதிகளில் ஓட்டுதலும் நிறுத்துதலும், பாதுகாப்பான ஓட்டம் ஆகியவை நடுவில் வரும். மாற்றுத்திறனாளிகளும் சமத்துவமும், சிறுவர்களையும் ஆபத்துக்குள்ளாகக்கூடிய பெரியவர்களையும் பாதுகாத்தல், பகிர்வுப் பயணம் ஆகியவை இறுதியில் வரும்.

நடுவிலுள்ள பகுதிகளில் நாம் தினமும் செய்வதுதான் எழுத்தில் இருக்கிறது. முன்கூட்டியே ஒப்பரேட்டர் (பயணங்களைப் பதிவு செய்யும் நிறுவனம்) வழியாகப் பதிவான பயணத்தை மட்டுமே ஏற்றலாம். தெருவில் கைகாட்டுபவரை ஏற்றினால் அது குற்றம், காப்புறுதியும் செல்லாது. கறுப்பு டாக்ஸிகளுக்கான தரிப்பிடத்தில் நிற்கக்கூடாது. பட்ஜ் பிறர் கண்ணில் படும்படி அணிந்திருக்க வேண்டும். பஸ் பாதைக்குள் பயணியை ஏற்றவோ இறக்கவோ மட்டும் போகலாம். வாகனத்தின் பாதுகாப்பையோ தோற்றத்தையோ பாதிக்கும் விபத்து நடந்தால் அதன் உரிமையாளர் 72 மணித்தியாலத்துக்குள் டி.எஃப்.எல்.லுக்கு அறிவிக்க வேண்டும். குழந்தை ஆசனம் இல்லாதபோது மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பின்னிருக்கையில் ஆசனப்பட்டியில்லாமல் கொண்டுபோகலாம், மூன்று வயது நிரம்பிய பிள்ளை பின்னிருக்கையில் பெரியவர்களின் பட்டியை அணிய வேண்டும். இப்படியான விடயங்களில் பழைய சாரதிகள் தடுமாறுவது குறைவு. ஆனால் நீங்கள் ஓடாமலிருந்த இடைவெளியில் பொது வீதிச்சட்டமும் மாறியிருப்பதைக் கவனியுங்கள். 2022 ஜனவரியில் வீதி விதிக்கோவை திருத்தப்பட்டு, மணிக்கு 30 மைல் வரை ஓடும்போது சைக்கிள்காரரைக் குறைந்தது ஒன்றரை மீற்றர் விலகிக் கடக்க வேண்டும் என்ற அறிவுறுத்தல் வந்தது. அதே ஆண்டு மார்ச்சில் கைத்தொலைபேசிச் சட்டம் இறுகியது. ஓடும்போது தொலைபேசியைக் கையில் எடுத்து எதற்குப் பயன்படுத்தினாலும் 200 பவுண் தண்டமும் ஓட்டுநர் உரிமத்தில் ஆறு தண்டப்புள்ளிகளும் விழும்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது எட்டாம், ஒன்பதாம் பகுதிகளைப் பற்றி. நீங்கள் பழைய பட்ஜ் எடுத்தபோது இவை பரீட்சையில் இருக்கவில்லை. எட்டாம் பகுதிக்கு அடிப்படை 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம். வழிகாட்டி நாயுடன் வரும் பயணியை மறுக்கக்கூடாது, மேலதிகக் கட்டணம் கேட்கக்கூடாது, நாயை டிக்கியில் ஏற்றச் சொல்லவும் கூடாது. அது பயணியின் காலடியில்தான் இருக்கும். நாய் ஒவ்வாமை உள்ள சாரதி அதற்கான மருத்துவ விலக்குச் சான்றிதழை டி.எஃப்.எல்.லிடம் முன்பே பெற்றுக் காரில் காட்டிவைத்திருக்க வேண்டும்; வாயால் சொன்னால் போதாது. 2022 ஜூன் 28 முதல் இந்தக் கடமைகள் இன்னும் விரிந்தன. சக்கர நாற்காலியை மடித்து ஏற்றக்கூடிய எந்தச் சாதாரணக் காராக இருந்தாலும், அந்தப் பயணியையும் நாற்காலியையும் ஏற்ற வேண்டும், நியாயமான உதவி செய்ய வேண்டும், அதற்காக ஒரு சதமும் கூட வாங்கக்கூடாது. பார்வையற்றவர் ஒருவர் முன்கூட்டிச் சொல்லியிருந்தால், கார் எங்கே நிற்கிறது என்று அவர் கண்டுபிடிக்க உதவுவதும் சாரதியின் கடமை. மீறினால் 1,000 பவுண் வரை தண்டம்.

செயலியில் பார்வையற்ற பயணி இறங்கி வருவதற்காகக் காத்திருக்கும் நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது, சாரதி இறங்கிப்போய், "நான் உங்கள் சாரதி, கார் உங்களுக்கு இடப்பக்கம் இருக்கிறது" என்று பேச்சுக்கொடுத்து, பயணி கேட்டால் தன் முழங்கையைப் பிடிக்கக் கொடுத்து, கதவின் மேல்விளிம்பில் அவர் கையை வைத்து உயரத்தை உணரச் செய்து, உட்கார்ந்த பின் பட்டி எங்கே என்று சொல்வது எப்படி என்பதுதான் அந்தப் பகுதியின் சாரம். இதைச் செய்து பழகியவர்களுக்கு கேள்விகளில் எந்தப் பதில் சரியானது என்பது பார்த்தவுடன் தெரியும்.


மறுமொழி: கொவென்ட்ரித் தமிழன்

வுல்வர்ஹாம்ப்டன் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பக்கத்தில் இருப்பவர்களிடம் லண்டன் நண்பர்கள் அடிக்கடி இதையே கேட்கிறார்கள்.

ஓட்டுநர் உரிமம், வாகன உரிமம், பயணத்தைப் பதிவு செய்யும் நிறுவனத்தின் உரிமம் ஆகிய மூன்றும் ஒரே அமைப்பிடமிருந்து பெற்றவையாக இருக்க வேண்டும் என்பதுதான் இங்குள்ள அடிப்படை விதி. லண்டன் நிறுவனத்திடம் பதிவாகும் பயணத்தை லண்டன் உரிமம் பெற்றவர்தான் ஓட்டலாம். வெளியூர் உரிமம் உள்ளவர் லண்டனுக்குள் ஓட்டினால், அந்தப் பயணத்தை அவருடைய உரிமம் சார்ந்த ஊரில் உரிமம் பெற்ற ஒரு நிறுவனமே ஏற்றிருக்க வேண்டும். ஒரு நிறுவனம் வேறு ஊர் நிறுவனத்துக்குப் பயணத்தைக் கைமாற்றிக் கொடுக்கலாம் என்று 2015ஆம் ஆண்டின் கட்டுப்பாட்டுத் தளர்வுச் சட்டம் வழிவிட்டதால்தான் வுல்வர்ஹாம்ப்டன் நகரசபை இவ்வளவு உரிமங்களை வழங்கும் நிலை வந்தது. அது சட்டப்படி சரியே. ஆனால் அந்த வழி எளிது என்று நினைப்பது தவறு. 2020 ஜூலையில் போக்குவரத்துத் துறை வெளியிட்ட சட்டபூர்வத் தரநெறிகள், இங்கிலாந்து முழுவதிலும் உள்ள உரிம அமைப்புகள் ஓட்டுநர்களின் ஆங்கிலத் திறனைச் சோதிக்க வேண்டும், சிறார் பாதுகாப்புப் பயிற்சியைக் கட்டாயமாக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை குற்றப்பதிவைப் பார்க்க வேண்டும் என்று சொல்கின்றன. எனவே எந்த ஊருக்குப் போனாலும் செருவின் பொருள் உங்களைத் தேடி வரும். பெயர் மட்டும் வேறாக இருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2025 ஜூனில் கும்பல்களாகச் சிறுவர்களைப் பாலியல் கொடுமை செய்வதைப் பற்றி லூயிஸ் கேசி அரசுக்கு அளித்த தேசியத் தணிக்கை அறிக்கையில், வெளியூர் உரிமத்தோடு ஓட்டும் இந்த ஓட்டையை அடைக்க வேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறார். வெம்பிளியில் குடியிருந்து, வெம்பிளியிலேயே ஓட்டப் போகும் ஒருவர், எப்போது மாறும் என்று தெரியாத ஒரு ஏற்பாட்டை நம்பிப் பணத்தைப் போடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.


மறுமொழி: தென்லண்டன் சாரதி

மேலே எழுதியவர்களின் தகவல்களில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் இந்தப் பரீட்சையை எல்லோரும் இயல்பான ஒன்றாக ஏற்றுக்கொண்டுவிட்டது போல எழுதப்படுவதை என்னால் ஏற்கமுடியவில்லை.

ஒருவர் பல்லாண்டுகள் ஒரு முறைப்பாடும் இல்லாமல் ஓட்டியிருக்கிறார். அவருடைய குற்றப்பதிவு சுத்தமாக இருக்கிறது, பயணிகளின் மதிப்பீடு நன்றாக இருக்கிறது, வீதிப்புள்ளிகள் இல்லை. அப்படிப்பட்ட மனிதரைக் கணினியின் முன் உட்காரவைத்து, ஆங்கில வாக்கியத்தில் விட்ட இடத்தை நிரப்பு என்று சொல்லி, அதில் தவறினால் பிழைப்பையே பறிப்பது எந்த வகையில் பயணிகளுக்குப் பாதுகாப்பு? அவர் வழிகாட்டி நாயை ஏற்றுவார், முதியவருக்குக் கதவைத் திறந்துவிடுவார், தனியாக வரும் பிள்ளையைப் பத்திரமாக வீட்டு வாசலில் இறக்கி, உள்ளே போகும்வரை பார்த்து நிற்பார். அதை எழுத்தில் காட்டத்தான் அவரால் முடியவில்லை. லண்டனில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் இந்த அனுமதிப்பத்திரம் வைத்திருக்கிறார்கள். அவர்களில் பலர் வேறு நாடுகளில் பிறந்து, ஆங்கிலத்தை வளர்ந்தபின் கற்றவர்கள். இந்தச் சுமை யார் தோளில் விழும் என்பது பரீட்சையை வகுத்தவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது.

அத்தோடு, 2021 பெப்ரவரியில் உச்சநீதிமன்றம் ஊபர் சாரதிகள் தொழிலாளர்களே என்று தீர்ப்பளித்தது. தொழிலாளர் என்றால் தொழிலுக்கு வேண்டிய பயிற்சியின் செலவும் நேரமும் யாருடையவை? என் கருத்தில், எங்கள் உழைப்பில் கமிஷன் எடுக்கும் நிறுவனங்களே பயிற்சி வகுப்பையும் பரீட்சைக் கட்டணத்தையும் ஏற்க வேண்டும். வாய்மொழியாகக் கேள்வி கேட்டு, வாய்மொழியாகப் பதில் பெறும் ஒரு தெரிவும் பழைய சாரதிகளுக்கு இருக்க வேண்டும். இரவுச்சாரதி அண்ணா பரீட்சையை எழுதட்டும், சித்தியடையட்டும்; அதற்காக இதைக் கேள்வி கேட்பதை நாம் நிறுத்தத் தேவையில்லை.


மறுமொழி: வாசிப்பு வகுப்பு ஆசிரியை, ஹரோ

அண்ணாவுக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம். நான் வளர்ந்தோருக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். என் மாலை வகுப்புக்குச் செருவுக்காகவே வரும் சாரதிகள் உண்டு. தென்லண்டன் சாரதியின் கோபத்தில் உள்ள நியாயத்தை நான் முழுமையாக ஏற்கிறேன், குறிப்பாக நிறுவனங்கள் செலவை ஏற்க வேண்டும் என்பதை. ஆயினும் பரீட்சையின் பொருளைக் குறைத்து மதிப்பிடுவதை நான் ஏற்கவில்லை. அதன் காரணத்தைச் சொல்ல ஒன்பதாம் பகுதிக்கு வரவேண்டும்.

ரொதரம் நகரில் சிறுவர்களுக்கு இழைக்கப்பட்ட பாலியல் கொடுமைகளை ஆராய்ந்த பேராசிரியர் அலெக்சிஸ் ஜேயின் அறிக்கை 2014 ஓகஸ்டில் வெளிவந்தது. 1997க்கும் 2013க்கும் இடையில் ஏறத்தாழ 1,400 பிள்ளைகள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று கணித்த அந்த அறிக்கை, பிள்ளைகளை இடத்துக்கிடம் கொண்டுசெல்வதில் டாக்ஸிகளும் டாக்ஸிச் சாரதிகளும் வகித்த பங்கை வெளிப்படையாகச் சுட்டிக்காட்டியது. அதன் பிறகுதான் நாடு முழுவதும் சாரதிகளுக்கான சிறுவர் பாதுகாப்புப் பயிற்சி தீவிரமடைந்தது. குற்றம் செய்யும் சாரதியைப் பரீட்சை தடுத்துவிடாது என்பது உண்மை. ஆனால் பின்னிருக்கையில் நடப்பதைக் காணும் நல்ல சாரதிகள், காண்பது என்னவென்று தெரிந்திருந்தால், ஒரு பிள்ளையைக் காப்பாற்ற முடியும்.

நள்ளிரவுக்குப் பின் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் தனியாக ஏறுகிறான். பயணம் வேறு மாவட்டத்தில் உள்ள ஒரு கடற்கரை நகருக்கு, பயணப்பை கிடையாது, பதிவு செய்தவர் வேறொருவர், அவனுடைய கையில் இரண்டு தொலைபேசிகள், ஒன்று விடாமல் அடித்துக்கொண்டிருக்கிறது, எடுத்துப் பேசும்போது அவன் குரல் தாழ்ந்துவிடுகிறது. போதைப்பொருள் கும்பல்கள் பிள்ளைகளைப் பயன்படுத்திப் பெருநகரத்திலிருந்து சிறு நகரங்களுக்குச் சரக்கு அனுப்பும் முறையை அறிந்த சாரதி, இதைப் பார்த்ததும் அவனை விசாரணை செய்யமாட்டார், மிரட்டமாட்டார், நடுவழியில் இறக்கியும் விடமாட்டார்; உடனடி ஆபத்து என்று பட்டால் 999க்கும், அப்படி இல்லாவிட்டால் பொலிஸின் அவசரமற்ற எண்ணான 101க்கும் அழைத்து, ஏறிய இடம், இறங்கிய இடம், நேரம், கண்ட அடையாளங்கள் ஆகியவற்றைச் சொல்வார், ஒப்பரேட்டருக்கும் தெரிவிப்பார். பரீட்சையில் வரும் கேள்விகள் இந்த முடிவுகளையே கேட்கின்றன. பெரியவர்களுக்கும் இது பொருந்தும்: ஞாபகமறதி நோயுள்ள ஒருவர் தான் சொன்ன முகவரியை அடைந்ததும் அது தன் வீடு இல்லை என்று கலங்கினால், கட்டணத்தை முடித்துக்கொண்டு போய்விடுவது பதிலாகாது.

இனி வாசிப்பைப் பற்றி. அண்ணா, விற்கப்படும் கேள்வித் தொகுப்புகளை வாங்க வேண்டாம். கேள்வியின் வார்த்தைகள் சற்று மாறினாலே மனப்பாடம் செய்தவர் குழம்பிப்போவதை நான் வகுப்பில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பல தெரிவு வினாக்களில் அனுபவத்தை வைத்துச் சமாளித்துவிடலாம். வாக்கியத்தை நிறைவு செய்யும் வினாக்கள்தான் சாரதிகளை மடக்குகின்றன. கைநூலின் வாக்கியம் ஒன்றில் சில சொற்களை எடுத்துவிட்டு, பொருந்துவனவற்றைத் தெரிவுசெய்யச் சொல்வார்கள். உதாரணமாக, பயணி மறந்துவிட்டுப்போன பொருளைப் பற்றிய ஒரு வாக்கியத்தை எடுங்கள். யாரிடம் ஒப்படைப்பது, எப்போது ஒப்படைப்பது ஆகிய இரு இடங்கள் வெறுமையாக இருந்தால், முதல் இடத்தில் ஒரு ஆளையோ அமைப்பையோ குறிக்கும் சொல்தான் வரமுடியும், இரண்டாவதில் காலத்தைக் குறிக்கும் சொல்தான் வரமுடியும். விதி தெரிந்தவர் ஒரு சொல்லைக்கூட உரக்க வாசிக்காமல் பாதித் தெரிவுகளை ஒதுக்கிவிடலாம். அதனால் நான் மாணவர்களிடம் கைநூலின் ஒரு பக்கத்தை முதலில் முழுதாக வாசிக்கச் சொல்வேன். பிறகு புத்தகத்தை மூடிவைத்து, அந்தப் பக்கம் சாரதியை என்ன செய்யச் சொல்கிறது, எதைச் செய்யாதே என்கிறது என்று தமிழில் எனக்குச் சொல்லச் சொல்வேன். அது தெளிவாக வந்த பிறகே ஆங்கில வாக்கியங்களுக்குத் திரும்புவோம். பொருள் மனதில் இருக்கும்போது ஆங்கிலம் அதன்மேல் வந்து உட்காரும். பொருளே இல்லாமல் ஆங்கிலத்தை மட்டும் திணித்தால் பரீட்சை மண்டபத்தில் எதுவும் நிற்காது.

வாசிப்புக் குறைபாடு உள்ளவர்களுக்கும் வேறு இயலாமை உள்ளவர்களுக்கும் நியாயமான மாற்றங்களைச் செய்துகொடுக்க டி.எஃப்.எல். கடமைப்பட்டுள்ளது. ஆனால் அதைப் பரீட்சைக்குப் பதிவு செய்யும்போதே தகுந்த ஆதாரத்துடன் கேட்க வேண்டும். எங்கள் சமூகத்தில் சிறு வயதிலிருந்தே எழுத்துகள் குழம்பிய பலர் அதைச் சோம்பல் என்று சொல்லக் கேட்டே வளர்ந்திருக்கிறார்கள். ஐம்பது வயதில் பரிசோதனை செய்துகொள்வதில் வெட்கப்பட எதுவும் இல்லை.


இரவுச்சாரதி, வெம்பிளி

இவ்வளவு அக்கறையோடு எழுதிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. வுல்வர்ஹாம்ப்டன் யோசனையை விட்டுவிட்டேன். கேள்வித் தொகுப்பையும் வாங்கப் போவதில்லை. கைநூலை இறக்கி அச்சிட்டிருக்கிறேன். தங்கச்சி சொன்னபடி ஒரு பக்கத்தை வாசித்துவிட்டு என் மனைவியிடம் தமிழில் சொல்லிப் பார்த்தேன், அவர் கேட்ட எதிர்க்கேள்விகள் எனக்கு மிகவும் பயன்பட்டன. வழிகாட்டி நாய்க்கான விலக்குச் சான்றிதழ் விடயம் எனக்கு இதுவரை தெரியாது.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். பகுதிகளை ஒன்றிலிருந்து பத்துவரை வரிசையாகவே படிப்பது நல்லதா? விண்ணப்பத்தோடு வருமானவரி தொடர்பாக ஏதோ குறியீட்டு எண் கேட்பார்கள் என்கிறார்களே, களஞ்சியசாலையில் சம்பளத்துக்கு வேலை செய்த எனக்கும் அது தேவையா?


மறுமொழி: ஈஸ்ட்ஹாம் சாரதி

அண்ணா, என் ஆலோசனை எட்டு, ஒன்பது ஆகிய இரண்டையும் முதலில் படியுங்கள் என்பதே. உங்களுக்கு முற்றிலும் புதியவை அவைதான், களைப்பில்லாத மனதோடு அவற்றை வாசிப்பது நல்லது. அடுத்து ஒன்று, இரண்டு. அவற்றில் விதிகள் நெருக்கமாக வருகின்றன. வாகனம் வாங்கும் எண்ணம் இருந்தால் இரண்டாம் பகுதியை வாங்குவதற்கு முன்பே வாசித்துவிடுங்கள், ஏனென்றால் 2023 ஜனவரி 1 முதல் லண்டனில் முதன்முறையாக மினிகாப் அனுமதிப்பத்திரம் பெறும் கார்கள் புகையின்றி ஓடும் திறன் கொண்டவையாக இருக்க வேண்டும். நீங்கள் முன்பு ஓட்டிய டீசல் கார் போன்ற ஒன்றை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிட்டால் அதைப் பதிய முடியாது. தனக்கென்று கார் வாங்காமல் ஏற்கெனவே அனுமதி பெற்ற காரை வாரவாடகைக்கு எடுத்து ஓட்டுபவர்களே இப்போது அதிகம், தொடக்கத்தில் உங்களுக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. மூன்று முதல் ஏழு வரையான பகுதிகளும் பத்தும் உங்களுக்குப் பழகிய நிலம். அவற்றைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் வாசிக்காமல் விடவேண்டாம்.

வரி விடயம் 2022 ஏப்ரலில் வந்தது. அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிப்பவர்களும், முந்தைய அனுமதிப்பத்திரம் முடிந்து ஓராண்டுக்குள் மறுபடி விண்ணப்பிப்பவர்களும் வரித் திணைக்களமான எச்.எம்.ஆர்.சி.யின் இணையத்தளத்தில் வரிச் சோதனை செய்து, அங்கே கிடைக்கும் குறியீட்டை விண்ணப்பத்தில் எழுத வேண்டும். உங்களுடையது முடிந்து ஓராண்டுக்கு மேலாகிவிட்டதால் குறியீடு தேவையில்லை. வரிக் கடமைகள் பற்றிய வழிகாட்டலை அறிந்திருக்கிறீர்கள் என்று உறுதிப்படுத்தினால் போதும். மூன்று ஆண்டுகளின் பின் புதுப்பிக்கும்போது குறியீடு கேட்கப்படும், ஆகவே ஓடத் தொடங்கிய நாளிலிருந்தே வரவு செலவுக் கணக்கைக் கொப்பியில் எழுதிவாருங்கள். குற்றப்பதிவுச் சோதனைக்கும் மருத்துவப் படிவத்துக்கும் காலம் எடுக்கும் என்பதால், செருவுக்குப் படித்துக்கொண்டிருக்கும்போதே அவற்றைத் தொடங்கிவிடுங்கள்.